புதுச்சேரியின் காலையைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் நாலைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கு, இந்த ஊர்க்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரியை விட்டுவிடுங்கள், காலையில் ஊரைப் பாருங்கள். கையோடு எங்கள் அரசாங்கத்துக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பண்டிகை நாட்களின் காலைப் பொழுதைக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுங்கள்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சம்பா கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வீடு. மகளும் மருமகனும் சென்னையில் இருக்கிறார்கள். பேத்திக்கு நாலு வயது, எல்கேஜி படிக்கிறாள். பள்ளி விடுமுறை விட்டதும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறி ஆயா வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீதிகளில் நடக்கும்போதுதான், எங்கள் ஊர் பண்டிகைக் காலத்தில் குழந்தைக்கு எதைக் கொடுக்கிறது, எதைத் தராமல் விடுகிறது என்பது எனக்குப் புரிந்தது.

டிசம்பர் 31 இரவு பீச் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காந்தி சிலையிலிருந்து இரண்டு பக்கமும் வெறும் தலைகள்தான். பெரியவர்கள் கொண்டாடட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மூன்றடி உயரக் குழந்தைக்கு அங்கே என்ன தெரியும்? முன்னால் நிற்பவரின் இடுப்பு தெரியும், தோல்பை தெரியும். கடல் தெரியாது. அப்பா தோளில் தூக்கிவைத்தால் கொஞ்ச நேரம் கண் அகலப் பார்க்கும். பத்து மணிக்குத் தூக்கம் வந்து தலை ஆட ஆரம்பிக்கும். பாட்டுப் பெட்டிகளின் அதிர்வு நம் நெஞ்சிலேயே இடிக்கிறபோது அந்தச் சின்னக் காதுகளுக்கு எப்படி இருக்கும்? இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழாக்களுக்காக ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்திக்கொள்ள மாநில அரசுகளுக்கு அனுமதி உண்டு. தளர்த்தட்டும். அந்தத் தளர்வுக்குள் தூங்குகிற குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. மது மலிவாகக் கிடைக்கும் என்றே இங்கே வருகிறவர்கள் அந்த ராத்திரியில் எவ்வளவு பேர் என்பதும் யாருக்கும் தெரியாததல்ல.

அப்படி ஒரு கூட்டத்தில், விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுத ஒரு பையனைப் பார்த்தேன். மூன்று வயதுகூட இருக்காது. "உங்க அப்பா பேரு என்னடா கண்ணு?" என்று கேட்டால் "அப்பா" என்றான். "எந்த ஊரு?" என்றால் "வீட்டுக்கு" என்றான். அந்த வயசுக்கு அவ்வளவுதான் தெரியும். அவனை நகரவிடாமல் அங்கேயே வைத்துக்கொண்டு, காவலர் ஒருவரைக் கூப்பிட்டு அறிவிப்புக் கொடுக்கச் சொன்னோம். அம்மாக்காரி ஓடி வந்தபோது அவள் காலில் செருப்பு இல்லை. சபரிமலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பம்பையில் கேரளக் காவல்துறையினர் செல்பேசி எண் எழுதிய பட்டையைக் கையில் கட்டி அனுப்புகிறார்கள். இங்கேயும் அதைச் செய்ய வேண்டும்: பேருந்து நிலையத்திலும், வெளியூர் வண்டிகளை நிறுத்தவைக்கும் மைதானங்களிலும். அதுவரை ஒரு பேனாவால் பிள்ளையின் முன்கையில் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். வேர்வையில் அழிந்தால் மறுபடி எழுதலாம்.

நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அங்கன்வாடியில் தினமும் பார்த்தது. விடிந்து எழுந்ததிலிருந்து பத்து மணிவரை அது ராஜா. எதைக் காட்டினாலும் பார்க்கும், எவ்வளவு தூரம் என்றாலும் நடக்கும், ஆயிரம் கேள்வி கேட்கும். அப்புறம் பசி. அப்புறம் வெயில். பிறகு ஒன்றரை மணிக்குள் தூக்கம். தூங்கி எழுந்தால் சாயங்காலம் இன்னொரு ஒன்றரை மணி நேரம் தெம்பாக இருக்கும். இதற்கு வெளியே நாம் போடும் திட்டமெல்லாம் நமக்காகப் போடுவது.

அந்தக் கணக்குக்கு ஏற்ற ஊர் இது. மார்கழியில் எங்கள் தமிழ்ப் பகுதி வீதிகள் விடியும்முன்பே விழித்துவிடும். வரதராஜப் பெருமாள் கோயிலில் திருப்பாவை ஒலிக்கும். பெருமாள் கோயில் வீதியிலும் ஈஸ்வரன் கோயில் வீதியிலும் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகியிருப்பார்கள். எல்லா வாசலிலும் இப்போது இல்லைதான். இருக்கிற வாசல்கள் போதும். என் பேத்தி ஒரு வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு சிட்டிகை கோலமாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். இவள் புள்ளி வைத்தாள். புள்ளி என்றால் புள்ளி இல்லை, ஒரு சின்னக் குவியல். அந்த அம்மா அந்தக் குவியலைக் கலைக்காமல் அதைச் சுற்றியே கம்பியை வளைத்து இழுத்துக் கோலத்தை முடித்தார். பாப்பா பாட்டு எழுதிய பாரதி 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் வாழ்ந்த ஊர் இது. அவருடைய இளைய மகள் சகுந்தலா ஓடி விளையாடிய வீதிகள் இவை. பாரதி வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் நினைவில்லங்களாக இருக்கின்றன. ஆனால் நாலு வயதில் நினைவில்லம் வேண்டாம், இந்த வாசல்கள் போதும்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கடல். பீச் ரோட்டில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இந்தியாவில் எத்தனை ஊர்களில் குழந்தையின் கையை விட்டுவிட்டு நடுரோட்டில் நடக்க முடியும்? காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல்தூண்கள் நிற்கின்றன, செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். அவை பெரியவர்களுக்குச் சரித்திரம், பேத்திக்கு ஓடிப்பிடித்து விளையாட எட்டு மறைவிடம். 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தை அவள் அண்ணாந்து பார்த்தாள், "இதுல யாரு இருக்கா?" என்றாள். "முன்னே கப்பலுக்கு வெளிச்சம் காட்டினவங்க இருந்தாங்க" என்றேன். திருப்தி.

கடலோரத்தில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் மேல் மட்டும் ஏறவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நகரத்தின் இந்தப் பகுதியைப் பெரிதும் காத்தது அந்தக் கற்சுவர்தான். பக்கத்து மீனவக் கிராமங்களும் காரைக்காலும் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பாசி படிந்த அந்தக் கற்களில் பெரியவர்களே வழுக்கி விழுகிறார்கள். மணல்தான் வேண்டுமென்றால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே போங்கள். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டிய பிறகு எங்கள் மணல் அரித்தே போய்விட்டது. என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குக் காட்ட இங்கே மணல் இல்லை. 2018-இல் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு மணல் திரும்பி வந்தது. பேத்தி அதில் குழி தோண்டுகிறாள். தண்ணீரில் இறங்க வேண்டாம். முழங்கால் அளவு தானே என்று நினைத்து இறங்கியவர்களின் செய்தி ஒவ்வொரு விடுமுறைக்கும் வருகிறது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய ஆறரை ஆகிறது. ஏழரைக்குச் சிவப்புத் தொப்பிக் காவலர் தடுப்பை ஓரமாக இழுத்துவிடுவார். மாலையில் ஆறு மணிக்குத் தடுப்புப் போடும்போது பொழுது சாய்ந்துவிடும். ஆக, வெளிச்சமும் வண்டியில்லாத சாலையும் சேர்ந்து ஒரு குழந்தைக்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். வெளியூர்க் குடும்பம் எழுந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, குளிப்பாட்டி, இரண்டு இட்லி ஊட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்து சேர்வது எட்டரைக்கு. அப்போது அங்கே ஆரன் சத்தம். அம்மாக்கள் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைமேடை ஓரமாகப் போவதைத்தான் பார்க்கலாம். ஒரு மணி நேரம் முன்னால் அதே சாலையில் பேத்தி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். பத்து மணிவரை அந்தத் தடுப்பை வைத்திருக்கக் கூடாதா?

ஊருக்குள் மற்ற இடங்களும் காலைக்கே உரியவை. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைச் சுற்றி நிழல் இருக்கிறது, புல் இருக்கிறது. 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்படுத்திய தாவரவியல் பூங்காவில் பெரிய பெரிய மரங்கள். குட்டி ரயில் ஓடுகிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ரயில் என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிப்போய், அது நின்றிருந்தால் சமாதானப்படுத்த முடியாது. யான் மார்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலைப் படித்துவிட்டோ, அதை வைத்து ஆங் லீ எடுத்த படத்தைப் பார்த்துவிட்டோ அங்கே மிருகக்காட்சிசாலையைத் தேடுகிறவர்கள் உண்டு. அது கதையில் மட்டும்தான்.

மணக்குள விநாயகர் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த ஊருக்குச் சின்ன வயதில் வந்த ஒவ்வொருவருக்கும் அந்த வாசலில் யானை லட்சுமி துதிக்கையால் ஆசீர்வாதம் செய்த நினைவு இருக்கும். தன் பிள்ளைக்கும் அது வேண்டுமென்று கூட்டி வருகிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சிக்குப் போன வழியில் லட்சுமி சாய்ந்துவிட்டாள். ஊரே திரண்டு அழுது அனுப்பிவைத்தது. "யானை எங்கே?" என்று குழந்தை கேட்டால் "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லாதீர்கள். தூங்குகிறது என்றால் எப்போது எழும் என்று கேட்கும். எழாது என்று தெரிந்தால் தூக்கத்தைக் கண்டே பயப்படும். "இங்கே லட்சுமின்னு ஒரு யானை இருந்துச்சு. உடம்பு முடியாம செத்துப்போச்சு. எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும்" என்று நான் சொன்னேன். பேத்தி சற்று நேரம் யோசித்தாள். "எனக்கும் பிடிக்கும்" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வருவோம். எங்கள் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் இந்தத் தெருவில் வளர்ந்த யாருக்கும் குடில் பார்க்காமல் டிசம்பர் கழியாது. 1791-இல் கட்டி முடித்த சம்பா கோயில், ஜோன் ஆஃப் ஆர்க் சிலைக்கு எதிரே உள்ள கப்ஸ் கோயில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருதய ஆண்டவர் கோயில் என்று மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒன்று போதும். 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசைக்கும் சின்னப் பிள்ளையை இழுத்துப் போக வேண்டாம். அன்று சாயங்காலமே போங்கள். வைக்கோல், ஆடு, மாடு, மரியாள், சூசையப்பர் எல்லாம் இருக்கும். பிறப்பு நள்ளிரவில் என்பதால் தொட்டில் காலியாக இருக்கும். பேத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பாப்பா எங்க?"

"இன்னும் பொறக்கல. நாளைக்கு வந்து பாக்கலாம்."

மறுநாள் எழுந்த உடனே அவள் கேட்டது அதைத்தான். போய்ப் பார்த்தோம். பாலன் கிடந்தார். இவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியம்மாவிடம், "வைக்கோல் குத்தாதா? போர்வை இல்லையா?" என்று கேட்டாள். அந்தப் பெரியம்மா தன் கைக்குட்டையை எடுத்துக் காட்டி, "ராத்திரிக்கு நான் போத்திடறேன் கண்ணு" என்றார். குழந்தைக்குப் பண்டிகை என்பது அந்த ஒரு ராத்திரிக் காத்திருப்புதான். பொதுவாகக் குடில் மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை இருக்கும். கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஜனவரி முதல் வாரத்தில் வந்தால்கூட அதைப் பார்க்கலாம். தங்கும் விடுதியும் பாதி விலைக்குப் பேசலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வா இருக்கிறது, அதே வாரத்தில்தான் வந்தாக வேண்டும் என்பதற்கு? மூத்த பிள்ளையின் பள்ளி, உங்கள் அலுவலக விடுப்பு என்று கட்டாயம் இருப்பவர்களைச் சொல்லவில்லை. இல்லாதவர்கள் யோசிக்கலாம்.

இருதய ஆண்டவர் கோயிலின் வண்ணக் கண்ணாடிகள் வழியாக வெயில் இறங்கும் நேரத்தில் தரையைப் பாருங்கள். சிவப்பு மேல் ஒரு கால், நீலத்தின் மேல் ஒரு கால் வைத்து என் பேத்தி செய்த விளையாட்டுக்கு டிக்கெட் கிடையாது. கடைத்தெருவில் ஒரு சாக்லேட் கடையில் வருஷக் கடைசியில் ஆளுயரச் சிலை செய்து வைப்பார்கள்; 2019-இல் விமானி அபிநந்தன், 2020-இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், 339 கிலோ சாக்லேட்டில். அதையும் காட்டலாம், ஆனால் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேக்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ரவை, வெண்ணெய், முந்திரி சேர்த்துச் செய்யும் எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் கேக்கில் உலர்பழங்களை ரம்மில் ஊறவைப்பது வழக்கம். கேட்டுவிட்டுக் கொடுங்கள். காலையில் சூடாக வரும் நீள ரொட்டியின் முனையை ஒடித்துக் கையில் கொடுத்தால் பிள்ளை அரை மணி நேரம் சும்மா இருக்கும்.

ஒன்று மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ரோமன் ரோலண்ட் வீதியிலும் டூமா வீதியிலும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் இருக்கிற இடமெல்லாம் குழந்தைகளைச் சிவப்பு கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்பில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பஞ்சுவைத்துத் தைத்த அந்தத் துணி பதினோரு மணி வெயிலில் எப்படி எரியும்? ஒரு பெண் குழந்தை கழுத்தைச் சொறிந்துகொண்டு அழுகிறாள், "சிரி, ஒரே ஒரு தடவை சிரி" என்கிறார்கள். எங்கள் ஊர்க் குளிர்காலம் அதிகாலைப் பனி மட்டும்தான். விடிகாலையில் ஒரு மங்கி குல்லா, எட்டு மணிக்குப் பருத்திச் சட்டை. அவ்வளவு போதும். வானிலை அறிவிப்பையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் ஊருக்கும் கடலூருக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. அந்தப் புத்தாண்டு மின்சாரமில்லாமல்தான் பிறந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. மழைக்காலம் நம் விடுமுறைப் பட்டியலைப் பார்த்து முடிவதில்லை.

விடுதியில் தங்குகிறவர்களைவிட, காலைப் பேருந்தில் வந்து ராத்திரிப் பேருந்தில் திரும்புகிற குடும்பங்கள்தான் எனக்கு அதிகம் நினைவுக்கு வருகின்றன. அவர்களுக்குத் திரும்பிப்போய்ப் பிள்ளையைக் கிடத்த அறை இல்லை. கடற்கரைக் கழிப்பறை வரிசையில் நாலு வயதுப் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? கல்பெஞ்சில் துப்பட்டாவை விரித்துக் கைக்குழந்தைக்கு அணையாடை மாற்றுகிற தாயை, நடுவில் நின்று மறைத்துக்கொண்டிருக்கும் பாட்டியை, நான் எப்போதும் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2015-இலேயே பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்குப் பாலூட்டும் அறைகள் வந்தன. இங்கே பண்டிகை வாரத்துக்குப் பந்தல், மேடை, ஒலிபெருக்கி, வண்ண விளக்கு என்று இவ்வளவு போட முடிகிறபோது, காந்தி சிலைப் பக்கத்தில் ஒரு கூடாரம் போட்டு, ஒரு மேஜை, குழாய்த் தண்ணீர், மூடிய தொட்டி, பெண் பணியாளர் ஒருவர் என்று வைக்க முடியாதா? ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பெண்கள் எங்களில் பலர் இருக்கிறோம். கூப்பிட்டால் வந்து உட்காருவோம்.

பீச் ரோட்டைப் பத்து மணிவரை மூடினால் எப்படி என்று கேட்பார்கள். தலைமைச் செயலகம் அங்கேதான் இருக்கிறது, நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகளிலும் அந்தப் பிரச்சினை இல்லை. வேலை நாட்களில் செயலக ஊழியர்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் அனுமதிச் சீட்டுக் கொடுக்கலாம்; புத்தாண்டு இரவுக்கு அப்படித்தானே செய்கிறார்கள். மற்ற வண்டிகள் உள்வீதிகள் வழியாகப் போகும். அந்த வீதிக்காரர்களுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதல் இரைச்சல்தான், அவர்களிடமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வியாபாரிகளுக்கு நஷ்டம் வராது. நடந்து வருகிற குடும்பம்தான் நின்று காபி குடிக்கும், பிள்ளைக்குப் பலூன் வாங்கும்.

தடுப்புகள் அங்கேயே இருக்கின்றன, அவற்றை இழுக்கிற காவலரும் அங்கேயே நிற்கிறார். ஏழரை என்பதைப் பத்து என்று மாற்றி ஓர் உத்தரவு வேண்டும். இந்த டிசம்பர் 24 முதல் ஜனவரி 6 வரை செய்து பார்க்கட்டும்.